இரண்டு டிஸ்க் ராக்கியப்பன்

செத்தவர்கள் பேசலாம் என்ற வசதி கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பார்க்கிங் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

சிங்காநல்லூரில், ஒரு காலத்தில் நூல் குடோனாக இருந்த கட்டடத்தில் 'சிரஞ்சீவி நினைவகம்' நடந்துவந்தது. படுக்கையில் விழுந்தவரின் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டிவிடுவார்கள். அது கடைசி மூச்சுவரை உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஆள் சர்வரில் ஏறி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். விட்ட இடம் என்றால் நிஜமாகவே விட்ட இடம். கணபதி ஏரியாவில் ஒரு பாத்திரக்கடைக்காரர் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. சர்வரில் கண் விழித்தவர் முதல் வேலையாக அந்த வாக்கியத்தை முடித்தார். குடும்பமே கைதட்டியது, மருமகள் நீங்கலாக.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க். நினைப்பது எல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழுதப்படும். ஒன்று எரிந்துபோனாலும் மற்றதில் ஆள் முழுசாக இருப்பார். இந்த ஏற்பாட்டைப் பார்த்த மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. வயசான பெற்றோரைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஊர்தானே இது? 'இரண்டு பிள்ளை, இரண்டு டிஸ்க்' என்று விளம்பரம் கொடுத்தார். டிஸ்க்குகள் என்னவோ ஒரே சர்வரில்தான் இருக்கும். ஆனால் பத்திரத்தில் ஒன்று ஒரு பிள்ளையின் பேரில், மற்றது இன்னொரு பிள்ளையின் பேரில். சண்டையே வராது என்றார். அவருக்குத் திருமணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை.

ராக்கியப்பன் அங்கே வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பீளமேட்டில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பார்த்தே, அதை எரித்தவனுடைய பேரும் ஊரும் சொல்வார் என்று ஜில்லா முழுக்க நம்பினார்கள். பிடிவாதத்திலும் அவருக்கு ஜில்லா அளவில் பெயர் உண்டு. மகள் மேகலா, அல்போன்ஸ் என்ற பல்மருத்துவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும், "இனி உன்ற கூடப் பேச்சில்ல" என்று சொன்னார். பன்னிரண்டு வருஷம் பேசவில்லை. செத்த பிறகும் பேசவில்லை. மேகலா வாராவாரம் வந்து திரை முன்னால் உட்காருவாள். 'வாடிக்கையாளர் பேச விரும்பவில்லை' என்று திரையில் ஒரு வரி வரும். அவள் பாட்டுக்குப் பிள்ளையின் பரீட்சை, பக்கத்து வீட்டு நாய், தக்காளி விலை என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். பேச விரும்பாத வாடிக்கையாளர் நேரம் முடியும்வரை இணைப்பைத் துண்டித்ததில்லை என்பதைப் பொறியாளர் ஹபீபா கவனித்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மகன் பூபதி தினமும் வருவான். அப்பா போனதிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை, மோர், தியானம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ராக்கியப்பனே ஒரு வழி கண்டுபிடித்தார். படுக்கப்போகும் மகனுக்கு ஃபோனில் முப்பத்தாறு பள்ளம் உள்ள மோட்டாருக்குக் கம்பி சுற்றும் விதத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். பதினெட்டாவது பள்ளம் வருவதற்குள் பூபதி குறட்டை விடுவான். அப்பாவும் மரியாதைக்கு முப்பத்தாறையும் சுற்றி முடித்துவிட்டுத்தான் ஃபோனை வைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. நினைவகம் கிணத்துக்கடவுக்கு மாறுகிறது என்று எல்லாக் குடும்பத்துக்கும் செய்தி போனது.

மாற்றும் முறை எளிமையானது. ஒரு டிஸ்க்கைப் பிடுங்கி வேனில் கொண்டுபோய்ப் புது சர்வரில் செருகி எழுப்புவார்கள். ஆள் அங்கே விழித்துக்கொண்டதும் இங்கே மற்றதைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் செருகுவார்கள். முன்னது பின்னதன் மேல் தன்னை எழுதிக்கொள்ளும். பழையபடி ஜோடி. நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் ஆள் இரண்டு இடத்தில் இருப்பார், அவ்வளவுதான்.

பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது கோயம்புத்தூரை. சர்வர் என்றாலும் வீடு மாறுவது வீடு மாறுவதுதான் என்று குடும்பங்கள் சொல்லிவிட்டன. புது சர்வர் முன்னால் பால் காய்ச்சினார்கள். தீயணைப்புக் கருவி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு ஐயரின் மேல் நுரை அடித்தது. ஒரு குடும்பம் பசுமாட்டையே உள்ளே ஓட்டி வந்தது. அது நெட்வொர்க் கேபிளை வைக்கோல் என்று மென்றதில், மூன்றாவது வரிசையில் இருந்த ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் சாயங்காலம் வரை "ம்மா" என்று மட்டும் பேசினார். அவர் மனைவிக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

ராக்கியப்பன் குடும்பத்தில் மாடு இல்லை. பஞ்சாங்கம் இருந்தது. அதுவும் இரண்டு.

"அப்பா கடக ராசிங்க," என்றான் பூபதி, மேனேஜர் அறையில். "இப்ப அஷ்டமத்துச் சனி நடக்குது. வாக்கியப் பஞ்சாங்கத்துப்படி சனி பெயர அடுத்த வருஷம் ஆகும். அது வரைக்கும் வீடு மாறக் கூடாதுங்க."

"சனி போன மாசமே பெயர்ந்தாச்சு," என்றாள் மேகலா. கிறிஸ்தவ வீட்டுக்குப் போனவள் பூவை விட்டாள், பொட்டை விட்டாள், திருக்கணிதப் பஞ்சாங்கத்தை மட்டும் விடவில்லை. "இந்த நல்ல நேரத்துலயே மாத்தியாகோணும். தள்ளிப்போட்டா நல்லாருக்காது."

"ஏனுங்க, செத்தவருக்கு ஏதுங்க சனி?" என்று கேட்டாள் ஹபீபா.

அண்ணனும் தங்கையும் பல வருஷத்தில் முதல்முறையாக ஒரே பக்கம் சேர்ந்து அவளை முறைத்தார்கள்.

"பேசறாரல்லம்மா?" என்றான் பூபதி. "பேசற வாய் இருக்கற வரைக்கும் சனியும் இருக்கும்."

மேனேஜர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். "எதுக்குங்க சண்டை? அவங்கவங்க டிஸ்க், அவங்கவங்க பஞ்சாங்கம். அம்மிணியோட டிஸ்க்க இப்பக் கொண்டுபோலாம். சாரோடது சனி பெயர்ந்த பொறவு வரட்டும். அது வரைக்கும் குடோன்ல ஒரு மூலைய மட்டும் வாடகைக்குக் கேட்டு வெச்சுக்கலாம்."

இருவரும் சம்மதித்து வெளியே போனதும் ஹபீபா கதவைச் சாத்தினாள்.

"சார், ரெண்டும் தனித்தனியா ஓடுச்சுன்னா ரெண்டு ஆளாயிரும்."

"கொஞ்ச நாள்தானேம்மா?"

"ஒரு வருசங்க சார்."

"அப்பச் செரி. அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்."

ஆனார்.

கிணத்துக்கடவில் கண் விழித்த ராக்கியப்பனுக்கு இடம் பிடிக்கவில்லை. பூபதி வரவில்லை. சனி பார்வையில் மாறிய வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவன் அப்பா அவனுக்குச் சிங்காநல்லூரில்தான் இருந்தார், காலி குடோனில் ஒற்றை சர்வராக, ஒரு ஏசியும் ஒரு வாட்ச்மேனும் துணைக்கு. ஆகவே கிணத்துக்கடவுக்கு வந்த ஒரே ஆள் மேகலா. அவள் வந்தாள், உட்கார்ந்தாள், 'வாடிக்கையாளர் பேச விரும்பவில்லை' என்பதைப் பார்த்தபடி பள்ளிக்கூட வேன் கட்டணம் ஏறியதைச் சொன்னாள், எழுந்தாள்.

கதவருகே போனவளின் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இங்க ஏசி நெம்ப சத்தமா இருக்குது. யாருகிட்டயாவது சொல்லு."

மேகலா அசையாமல் நின்றாள். திரும்பிப் பார்த்தால் எங்கே நின்றுவிடுமோ என்று சுவரைப் பார்த்தபடியே, "சொல்றனுங்கப்பா" என்றாள். வெளியே போய் ஹபீபாவின் தோளில் சாய்ந்து, அந்த ஏசியின் சத்தத்தைத் தோற்கடிக்கிற மாதிரி அழுதாள். ஏசியைச் சரிபார்க்க வந்த மெக்கானிக்கை ஹபீபா திருப்பி அனுப்பிவிட்டாள். புகார் சொல்ல ஏதாவது இருந்தால்தான் பேச்சு வளரும் என்று அவளுக்குத் தோன்றியது.

வளர்ந்தது. ஏசியிலிருந்து மின்கட்டணம், மின்கட்டணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு மோட்டார், மோட்டாரிலிருந்து மாப்பிள்ளை. ராக்கியப்பன் சொல்லச் சொல்ல அல்போன்ஸ் தன் வீட்டு மோட்டாரைத் தானே பிரித்து, சரிசெய்து, ஷாக் அடித்து, மறுபடி பிரித்தார். பல்லைப் பிடுங்குகிற கையே கம்பி சுற்றுவதற்கு ஏற்ற கை என்று ராக்கியப்பன் தீர்ப்புச் சொன்னார். அவர் வாயிலிருந்து அதுவரை எந்த மனிதனுக்கும் கிடைக்காத பாராட்டு. கிறிஸ்துமஸ் கேக்கைத் திரை முன்னால் வைத்தபோது, "செங்கல்லு நல்லா வெந்திருக்குது" என்றார். பேத்தி இவாஞ்சலினின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. இஞ்சி என்று கூப்பிட்டார். அவள் பள்ளிக்கூடத்திலும் அதையே பெயராக வைத்துக்கொண்டாள்.

சிங்காநல்லூரிலோ எதுவும் மாறவில்லை. அங்கே இருந்தவர் மேகலாவின் பேரை எடுத்தாலே பேச்சை மாற்றுவார். பகலெல்லாம் பூபதி வைத்துவிட்டுப் போன டிவியில் செய்தி விவாதம் பார்ப்பார். ராத்திரி மகனுக்கு மோட்டார் சுற்றுவார். இரண்டு இடத்திலும் மற்றவரைப் பற்றிச் சொல்லித்தான் இருந்தார்கள். இரண்டு ராக்கியப்பன்களும் மற்றவரை 'அந்த நகல்' என்றே குறிப்பிட்டார்கள்.

வாக்கியப் பஞ்சாங்கப்படியும் சனி ஒருவழியாகப் பெயர்ந்தது. பூபதி ஆரஞ்சுப் பழத் தட்டோடு வந்து, "இனி அப்பாவச் சேத்துரலாங்க" என்றான். ஹபீபா அண்ணன் தங்கை இருவரையும் உட்காரவைத்தாள்.

"சேக்கறதுன்னா ரெண்டையும் கலக்கறது இல்லீங்க. ஒண்ணு மேல இன்னொண்ண எழுதறது. எழுதப்பட்டது போயிரும்."

"போயிரும்னா?" என்றாள் மேகலா.

"அந்த டிஸ்க்ல இந்த ஒரு வருசமா இருந்தவரு இருக்க மாட்டாருங்க."

பூபதி ஆரஞ்சுப் பழத் தட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

"ரெண்டு பேரும் தனித்தனியாவே இருக்கட்டுமே," என்றாள் மேகலா. "எனக்கொருத்தரு, அண்ணனுக்கொருத்தரு."

"சட்டம் விடாதுங்கக்கா. ஒரு ஆளுக்கு ஒரு குரல்தான்." பொள்ளாச்சிப் பக்கம் செத்துப்போன ஒரு பிரமுகர், தேர்தலில் ஒரு டிஸ்க்கிலிருந்து ஒரு கட்சிக்கும் மற்றதிலிருந்து எதிர்க்கட்சிக்கும் ஓட்டுக் கேட்டதற்குப் பிறகு, இந்த ஒரு வருஷத்துக்குள் வந்த சட்டம் அது. இரண்டு கட்சியும் அவரால்தான் தோற்றதாகச் சொல்லின.

"அப்ப யாரு இருக்கோணும்னு யாரு முடிவு பண்றது? நீயாம்மா?" என்றான் பூபதி.

"மிஷினுங்க. எந்த டிஸ்க்ல அதிகமா எழுதியிருக்குதோ, அதத்தான் அசல்னு எடுத்துக்கும். எழுதறதுன்னா அவரு பேசறது, நெனைக்கறது, கோவப்படறது எல்லாந்தான். எது ஜெயிச்சுதுன்னு குடும்பத்துக்குச் சொல்லவும் கூடாது. அது விதி."

"ஏனுங்க சொல்லக் கூடாது?"

"சொன்ன எடத்துலயெல்லாம் கதவ ஒடச்சுட்டாங்க."

சேர்க்கும் நாள் குறித்தாயிற்று. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். ஆளுக்கு ஒரு அப்பா. இரண்டு பேரில் ஒருவர் அப்பாவை இழக்கப்போகிறார். பேசினால்தான் பிழைப்பார் என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து ராக்கியப்பன் என்ற மனிதர் பேசின பேச்சுக்கு நொய்யல் ஆறே வற்றியிருக்கும், அதில் தண்ணீர் இருந்திருந்தால். மேகலா இஞ்சியைத் திரை முன்னால் உட்காரவைத்து, "அப்புச்சிகிட்ட ஏன், எதுக்குன்னு கேட்டுட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைக்கு அது சொல்லித்தர வேண்டிய காரியமா? வானம் ஏன் நீலம் என்று ஆரம்பித்து, நீலம் ஏன் நீலம் என்பது வரைக்கும் போனாள். அல்போன்ஸ் நோயாளிகளையே அழைத்துவந்து, வாய் திறந்த நிலையில் அவரிடம் அறிமுகப்படுத்தினார்.

பூபதி சிங்காநல்லூரில் இன்னும் மூன்று டிவி வாங்கி வைத்தான். நான்கிலும் நான்கு விவாதம். ராக்கியப்பன் பதினாறு பேரோடு ஒரே நேரத்தில் சண்டை போட்டார். சர்வரின் சூட்டில் வாட்ச்மேன் டீ போட்டுக் குடித்தார். எழுத்துக் கணக்கு ஏறின வேகத்தைப் பார்த்த ஹபீபாவுக்குத் தலை சுற்றியது. கோபம் சிந்தனையை விட அதிகம் இடம் பிடிக்கும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

எழுத்துக் கணக்கில் சிங்காநல்லூர்க்காரர் எங்கோ போய்விட்டார். கிணத்துக்கடவுக்காரர் எட்டவே முடியாது.

சேர்ப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு டிஸ்க்குக்கும் இடையே இணைப்புச் சோதனை செய்ய வேண்டும். ஒரு பக்கம் இரண்டு வார்த்தை, மறுபக்கம் இரண்டு வார்த்தை, அதோடு முடிந்துவிடும். ஹபீபா இணைப்பைக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"யாருங்க பேசறது?"

"ராக்கியப்பன்."

"எந்த ராக்கியப்பன்?"

"ரீவைண்டிங் ராக்கியப்பன்."

"அது நானல்லய்யா?"

"அப்ப நீதான் அந்த நகலா?"

"யார்ரா நகலு? எடத்த விட்டு எந்திரிச்சுப் போனவன் நீயி. இருந்த எடத்துல இருக்கறவன் நானு."

இந்த ரீதியில் கொஞ்ச நேரம் போனது. ஒருவர் தொடங்கும் வசவை மற்றவர் முடித்துவைத்தார். தன்னை இவ்வளவு சரியாகத் திட்டக்கூடிய ஆள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். பேச்சின் சுருதி இறங்கியது.

"அவகூடப் பேசிட்டயாமா," என்றார் சிங்காநல்லூர்க்காரர்.

"பேசிட்டேன்."

"என்னன்னு ஆரம்பிச்ச?"

"ஏசி சத்தமா இருக்குதுன்னு."

"வெக்கமா இல்ல?"

"மொத நாளு இருந்துச்சு. அப்பறம் பழகிருச்சு."

 "புள்ள எப்படியிருக்கறா?" என்றார் சிங்காநல்லூர்க்காரர் மெதுவாக.

"ஒரு பக்கம் நரச்சிருச்சு. சாயம் அடிக்கறா. கேட்டா இல்லங்கறா. உங்கம்மா மாதிரியே."

"எங்கம்மான்னா உனக்கு யாரு?"

"செரி, நம்ம அம்மா."

ஹபீபா டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு நெருங்கி வந்தாள். விதிப்படி சொல்லக் கூடாது. ஆனால் விதியில் இருப்பது குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது என்பதுதான். வாடிக்கையாளரைப் பற்றி ஒன்றும் இல்லை.

"ஐயா, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. நாளைக்குச் சிங்காநல்லூர் ஐயாதான் இருப்பாரு. கணக்கு அப்படித்தான் இருக்குதுங்க."

"டிவி பாத்துக் கத்துனதுக்குப் பரிசா?" என்றார் கிணத்துக்கடவுக்காரர்.

"நான் வேண்ணா வாய மூடிக்கறேன்," என்றார் மற்றவர். "நீ இன்னிக்கு முழுக்கப் பேசு."

"அந்த அளவுக்குப் பேச இனி நேரமில்லீங்கய்யா," என்றாள் ஹபீபா.

"நேரமிருந்தாலும் வேண்டா," என்றார் கிணத்துக்கடவுக்காரர். "பூபதி தூங்கறானா?"

"நான் சுத்துனாத் தூங்கறான். ஒரு நாள் கரண்டில்லாம லைன் கட்டாயிருச்சு. விடிய விடிய முழிச்சுட்டு இருந்திருக்கறான், முட்டாப்பையன்."

"கம்பி சுத்த எனக்குந் தெரியும், ஆனா அவன் என்னைய நம்போணுமே. ஒரு வருசமா அவன் மூஞ்சியவே பாக்கல. நான் இருந்தா அவன் கதி? நீயே இரு. மேகலாவுக்குத் தெரிய வேண்டா. நான் சொல்றத எல்லாங் கேட்டுக்க."

"என்னத்தக் கேக்கறது?"

"பேத்தி பேரு இவாஞ்சலின். இஞ்சின்னு கூப்புடோணும். வாய்ப்பாட்டுல எட்டாவதுல தடுமாறுவா, கண்டுக்காத மாதிரி இரு. மாப்பிள்ளைய மாப்பிள்ளைன்னே கூப்புடு."

"மாப்பிள்ளையா!"

"பல்லக் கடிச்சுட்டுச் சொல்லு. அவரு பல்டாக்டருதான், பாத்துக்குவாரு. கேக்கு குடுத்தாச் செங்கல்லுன்னு சொல்லோணும். அது அவங்களுக்குப் பிடிக்கும். அவள கண்ணுன்னு கூப்புடு. போன வாரம் முட்டி வலின்னு சொன்னா, அது எப்படி இருக்குதுன்னு நாளைக்கு மறக்காமக் கேளு."

இப்படியே மத்தியானம் முழுக்கப் போனது. ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொன்னார். தப்பாகச் சொன்னால் திட்டு விழுந்தது. ஒரு மனிதர் தன்னைப் போலவே நடிக்க இவ்வளவு ஒத்திகை பார்த்தது உலகத்தில் அதுவே முதல்முறையாக இருக்கும்.

"என்ற வேஷத்துக்கு நானே ஒத்து வரல பாரு," என்று சிங்காநல்லூர்க்காரர் அலுத்துக்கொண்டார்.

"வந்துருவ. இன்னொண்ணு. அந்தக் கல்யாணத்தப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. நான் ஒரு வருசமா அதத் தொடவே இல்ல. தொட்டீன்னாக் கண்டுபுடிச்சுருவா."

"செரி."

"வெச்சரட்டுமா?"

"இரு," என்றார் சிங்காநல்லூர்க்காரர். "பயமா இருக்குதா?"

"உனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு. அப்படித்தான் இருக்குது."

மறுநாள் காலை கிணத்துக்கடவில் மேகலா நேரத்தோடே வந்துவிட்டாள். அவள் அப்பா எப்போதும்போலத்தான் பேசினார். ஏசியைத் திட்டினார். முட்டி வலிக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். "நாளைக்கு வரும்போது இஞ்சியவும் கூட்டிட்டு வா" என்றார். அந்த 'நாளைக்கு' என்பதை அவர் சொன்ன விதத்தில் ஹபீபாவே நம்பிவிட்டாள்.

வேன் வந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஹபீபா சிங்காநல்லூர் டிஸ்க்கை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து மற்றதன் பக்கத்தில் செருகினாள். மிஷின் இரண்டையும் பார்த்தது, எண்ணியது, யாரையும் கேட்கவில்லை. திரையில் ஒரு பட்டை இடப்புறத்திலிருந்து வலப்புறம் மெதுவாக நிறைந்தது. மேகலா அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். பூபதி உட்கார முடியாமல் அறைக்குள்ளேயே நடந்தான்.

பட்டை நிறைந்தது.

பூபதிதான் முதலில் ஓடினான். "அப்பா, நேத்து ராத்திரி எத்தனாவது பள்ளத்துல தூங்குனேன்?"

"ஒம்பதாவதுல. நாளுக்கு நாள் தேறிட்டு வர்ற."

பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். தங்கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெயித்தவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மேகலா எழுந்து திரை முன்னால் போய் நின்றாள். 'வாடிக்கையாளர் பேச விரும்பவில்லை' என்ற வரிக்காகக் காத்திருந்தாள்.

"முட்டி வலி எப்படி இருக்குது, கண்ணு?"

 "இஞ்சி என்ன பண்றா? பள்ளிக்கூடம் போயிருக்கறாளா?" என்றது குரல். "மாப்பிள்ளை" என்ற இடத்தில் மட்டும் ஒரு மிடறு தாமதித்து, பிறகு கடகடவென்று தாண்டியது.

"ரெண்டும் இருக்குதா!" என்று பூபதி கத்தினான். "ஏம்மா, கலக்க முடியாதுன்ன? கலந்திருச்சே!"

"சில சமயம் அப்படி ஆகறதுண்டுங்க," என்றாள் ஹபீபா. அந்தத் துறையின் வரலாற்றில் அப்படி ஆனதே இல்லை.

பூபதி தங்கையின் தலையில் கை வைத்தான். பல வருஷத்தில் அவன் செய்யாத காரியம். பிறகு எல்லாருக்கும் டீ வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே ஓடினான். ஹபீபா அறை மூலையில் கேபிள்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"கண்ணு."

"சொல்லுங்கப்பா."

"உன்ற கல்யாணத்தன்னைக்கு நான் வந்திருந்தேன்."

ஹபீபாவின் கை நின்றது.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்த்தாப்ல டீக்கடைல உக்காந்திருந்தேன். நீ மாலையோட வெளிய வந்து யாரையோ தேடற மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்த. நான் பேப்பர எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டேன். நீ போற வரைக்கும் எடுக்கல. தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. அத உங்கிட்டச் சொல்லோணும்."

மேகலா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக வாராவாரம் பேசிய அப்பா மழைத்தண்ணியைத் தாண்டுகிற மாதிரி அந்தக் கல்யாணத்தைத் தாண்டித் தாண்டிப் போனவர். தப்பு என்ற சொல்லைக் கிட்டே சேர்க்காதவர்.

"அப்பா," என்றாள். "எங்கூட இன்னிக்குத்தான் மொதல்ல பேசறீங்க. அப்படித்தானுங்களே?"



"அவன் சொன்னான். கல்யாணத்தப் பத்தி மட்டும் பேசாத, கண்டுபுடிச்சுருவான்னு."

"அப்பறம் எதுக்குப் பேசுனீங்க?"

"அவனுக்கு உங்கிட்டப் பேச ஒரு வருசம் இருந்துச்சு. ஏசி, கேக்கு, மோட்டாருன்னு எத்தனையோ பேசுனான். எனக்குச் சொந்தமா உங்கிட்டச் சொல்ல இது ஒண்ணுதான் கண்ணு இருக்குது."

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு பூபதி டீயோடு வந்தான். "என்ன, அப்பாவும் மகளும் ரகசியம்?"

"ஒண்ணுமில்லண்ணா," என்றாள் மேகலா. "ஏசி சத்தமா இருக்குதாம்."

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் நேராகக் கொல்லைக்குப் போய், கட்டியிருந்த சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தோடு உள்ளே வந்தவளை அல்போன்ஸ் கவலையாகப் பார்த்தார்.

"என்னாச்சு மேகலா? எதுக்கு இந்நேரத்துல குளியல்?"

"ஒரு சாவுக்குப் போயிட்டு வந்தேன்."

"அய்யோ, யாரு?"

மேகலா தலையைத் துவட்டினாள். "நாளைக்கு இஞ்சிய லீவு போடச் சொல்லுங்க," என்றாள். "நீங்களும் வாங்க. எங்கப்பாவுக்கு உங்கள இன்னும் அறிமுகம் பண்ணி வெக்கல."